பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்: சுமேரியாவில் அரசன் கடவுளானது எப்படி?

கி.மு. 21ஆம் நூற்றாண்டு. இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதியில் ஓர் எழுத்தர் உட்கார்ந்து, ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியை அழுத்தி அழுத்திக் கணக்கு எழுதுகிறார். இத்தனை ஆடுகள் வந்தன, இத்தனை வாற்கோதுமை போனது. இடையில் அரசனின் பெயர் வருகிறது: ஷுல்கி. அவன் பட்டத்துக்கு வந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் வரை அந்தப் பெயர் வெறும் பெயராகவே எழுதப்பட்டது. பிறகு ஒரு கட்டத்தில் அதற்கு முன்னால் ஒரு சிறிய குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நட்சத்திரத்தின் படத்திலிருந்து பிறந்த குறி அது. சுமேரிய மொழியில் அதற்கு 'திங்கிர்' என்று பெயர். கடவுள் என்று பொருள். பெயருக்கு முன்னால் வரும்போது அதை வாய்விட்டுப் படிப்பதில்லை. "அடுத்து வருவது ஒரு தெய்வத்தின் பெயர்" என்று கண்ணுக்கு அறிவிப்பது மட்டுமே அதன் வேலை.

ஓர் அரசன் உயிரோடு இருக்கும்போதே கடவுளாகிவிட்டான் என்ற பெரிய செய்தி, ஆட்டுக் கணக்குக்கு நடுவே ஒரு சின்னக் குறியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சுமேரிய வரலாற்றில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் இடம் இதுதான். அந்தக் குறியை இடுவது எளிது; ஆணையிட்டால் போதும். ஆனால் அரசன் இறந்த பிறகும் அவன் கடவுளாகவே நினைக்கப்படுவானா என்பது அவன் கையில் இல்லை. அது படையல் வைப்பவர்கள், பாட்டுப் பாடுபவர்கள், பலகையைப் பார்த்துப் பிரதி எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரின் கையில் இருந்தது. தெய்வ அரசு, பண்பாட்டு நினைவு என்ற இரண்டு கருத்துகளையும் சேர்த்தே விளக்க நினைப்பதற்குக் காரணம் அதுவே. சுமேரியாவில் ஒன்றை விட்டு மற்றொன்று புரியாது.

பண்பாட்டு நினைவு என்றால் என்ன?

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயர் தெரியுமா? பெரும்பாலான வீடுகளில் தெரியாது. வாய்வழியாக, பழகியவர்கள் சொல்லக் கேட்டு நிற்கும் நினைவு மூன்று நான்கு தலைமுறைகளோடு, அதாவது 80 முதல் 100 ஆண்டுகளோடு கரைந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு செய்தி நிலைக்க வேண்டுமானால், மனித மூளைக்கு வெளியே அதற்கு ஓர் இருப்பிடம் தேவை: எழுத்து, சடங்கு, திருவிழா, கட்டடம், சிலை, பாடத்திட்டம். இப்படி வெளியே கட்டிவைத்துக் காக்கப்படும் நினைவைத்தான் ஜெர்மானிய எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மான் 'பண்பாட்டு நினைவு' என்று அழைத்தார்.

இதை வரலாறு என்று எண்ணிவிடக் கூடாது. நேற்று என்ன நடந்தது என்று வரலாறு கேட்கிறது. பண்பாட்டு நினைவு கேட்பது வேறு: நேற்றிலிருந்து இன்றைக்கு நமக்கு எது வேண்டும்? வேண்டியதை அது பெரிதாக்கும். வேண்டாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சில வேளைகளில் நடந்ததைத் தலைகீழாகவே புரட்டிவிடும். மூன்றுக்கும் சுமேரியாவில் சான்றுகள் உண்டு.

சுமேரியா என்பது யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் கடலைச் சேரும் தாழ்நிலம். நல்ல கல் கிடையாது, உறுதியான மரம் கிடையாது. சேறும் நாணலும் மட்டும் ஏராளம். அந்தச் சேற்றிலிருந்து வீடு, கோயில், மதில் எல்லாவற்றையும் கட்டினார்கள், சுமார் கி.மு. 3300 வாக்கில் அதே சேற்றில் எழுதவும் தொடங்கினார்கள். ஓலையும் தோலும் மக்கிப்போகும். சுடாத களிமண் கூட மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். தீப்பிடித்தால் இன்னும் உறுதிப்படும். ஒரு நகரம் எரிந்தால் அதன் ஆவணங்கள் காப்பாற்றப்படுகின்றன. வேறெந்தப் பண்டைய நாகரிகத்துக்கும் இந்த அளவுக்கு வாய்க்காத பேறு இது.

தமிழ் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சுமேரிய மொழி எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனி மொழி. ஆங்கிலத்தில் 'ஊர்' என்று வழங்கும் புகழ்பெற்ற நகரத்தின் பெயர் நம் சொல்லைப் போல் ஒலிப்பது தற்செயல்தான். அந்த மக்கள் அதை 'ஊரிம்' என்று அழைத்தார்கள். குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையிலும் ஊரிம் என்றே எழுதுகிறேன்.

அரசன் முதலில் கடவுள் அல்ல

சுமேரியர்களின் பார்வையில் ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்துக்குச் சொந்தம். நிப்பூர் தெய்வங்களின் தலைவரான என்லிலுக்கு, ஊருக் இனன்னாவுக்கு, ஊரிம் நிலாக் கடவுளான நன்னாவுக்கு, லகாஷ் நாட்டின் கிர்சு நகரம் போர்க் கடவுளான நின்கிர்சுவுக்கு. கோயிலைக் குறிக்க அவர்களுக்குத் தனிச் சொல் இல்லை. 'எ', அதாவது வீடு என்றுதான் சொன்னார்கள். கடவுள் அந்த வீட்டில் குடியிருந்தார். சாப்பிட்டார், உடுத்தினார், உறங்கினார். அரண்மனைக்குப் பெயர் 'எகல்', பெரிய வீடு. (நம் 'கோயில்' என்ற சொல்லும் கோவின் இல்லம்தான், அரசனுக்கும் இறைவனுக்கும் ஒரே சொல்லைப் புழங்கிய மொழியினருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.)

நிலம் கடவுளுடையது என்றால் அரசன் யார்? அவருடைய காரியக்காரன். 'என்சி' என்ற பட்டம் அத்தகையது: தெய்வத்தின் சார்பில் நகரத்தை நடத்துபவன். ஊருக்கில் 'என்' என்ற பட்டம் வழங்கியது. அதில் பூசாரியின் சாயல் உண்டு. மூன்றாவது பட்டம் 'லுகல்'. 'லு' என்றால் ஆள், 'கல்' என்றால் பெரிய. பெரிய ஆள்! போர்த்தலைவனாக எழுந்து அரசனானவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

காரியக்காரனுக்கும் கடவுளுக்கும் இடையே இருந்த தூரம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கி.மு. 2450 வாக்கில் லகாஷை ஆண்ட எயன்னாதும், பக்கத்து நகரமான உம்மாவோடு ஒரு வயல்வெளியின் எல்லைக்காகப் போரிட்டு வென்று, அந்த வெற்றியைக் கல்லில் செதுக்கிவைத்தான். மாண்டவர்களின் தலைகளைக் கழுகுகள் தூக்கிச் செல்லும் காட்சி அதில் இருப்பதால் அது 'கழுகுக் கல்' என்று பெயர் பெற்றது. உடைந்த துண்டுகள் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நின்கிர்சுவே எயன்னாதுமின் கருவை ஊன்றினார், நின்ஹுர்சக் என்ற தாய்த் தெய்வம் அவனுக்குப் பாலூட்டினாள், நின்கிர்சு தம் கையால் அவனை அளந்து பார்த்தபோது ஐந்து முழமும் ஒரு சாணும் இருந்தான் என்கிறது கல்வெட்டு. ஒன்பதடிக்குக் குறையாத ஆள்! ஆனாலும் அவன் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் கிடையாது. கடவுளின் பிள்ளை, கடவுளின் பாலில் வளர்ந்தவன், ஆனால் கடவுள் அல்லன். இந்த நுட்பமான வேறுபாட்டைச் சுமேரியர்கள் நெடுங்காலம் காத்துவந்தார்கள்.

அதைக் கடந்தவன் அக்காத் பேரரசின் நராம்-சின். சுமேரியாவுக்கு வடக்கே அக்காதிய மொழி பேசியவர்களின் தலைநகரமான அக்காதை மையமாக வைத்துப் பேரரசு எழுப்பிய சார்கோனின் பேரன் அவன். காலம் சுமார் கி.மு. 2254 முதல் 2218 வரை. வடக்கு ஈராக்கில் பாஸெட்கி என்ற இடத்தில் கிடைத்த செம்புச் சிலையின் அடிப்பகுதியில் அவன் கதை எழுதப்பட்டிருக்கிறது. உலகின் நான்கு திசைகளும் ஒன்றுசேர்ந்து கலகம் செய்தன. ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்று அவன் நகரத்தைக் காப்பாற்றினான். ஆகவே அவன் நகரத்து மக்கள் ஊருக்கில் இஷ்தாரிடமும் (இனன்னாவின் அக்காதியப் பெயர்), நிப்பூரில் என்லிலிடமும், இன்னும் பல நகரங்களின் தெய்வங்களிடமும் சென்று, அவனைத் தங்கள் நகரத்தின் கடவுளாகத் தருமாறு கேட்டுப் பெற்று, அக்காதின் நடுவில் அவனுக்குக் கோயில் கட்டினார்கள்.

இந்த வாசகத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். 'நான் கடவுள்' என்று அவன் சொல்லவில்லை. மக்கள் கேட்டார்கள், தெய்வங்கள் இசைந்தார்கள் என்கிறான். அதிலும் உலகத்துக்கெல்லாம் கடவுள் அல்ல. ஒரு நகரத்தின் கடவுள். ஆபத்தில் காத்தவனுக்கு நன்றியாகக் கிடைத்த பதவியாகத் தன் தெய்வத்தன்மையைக் காட்டுகிறான். மெசபொட்டேமியாவில் உயிரோடு இருக்கும்போதே கடவுள் குறியைச் சூடிய முதல் அரசன் என்று அறியப்படுபவன் இவனே. லூவ்ரில் இருக்கும் அவனுடைய வெற்றிக் கல்லில், மலைமேல் ஏறி நிற்கும் அவன் தலையில் கொம்பு வைத்த கவசம் இருக்கிறது. அதுவரை கொம்பு தெய்வங்களுக்கு மட்டுமே உரியது.

ஷுல்கி செய்த ஏற்பாடுகள்

அக்காத் சரிந்து, ஒரு நூற்றாண்டுக் குழப்பத்துக்குப் பிறகு, ஊரிம் நகரத்தில் ஊர்-நம்மா புதிய அரச வம்சத்தைத் தொடங்கினான். ஊரிமின் பெரிய படிக்கோபுரத்தை எழுப்பியவன் அவன். அவன் போரில் மாண்டதாகவும், உடைந்த பானையைப் போலக் கைவிடப்பட்டதாகவும், பாதாள உலகுக்குக் காணிக்கைகளோடு சென்றதாகவும் ஒரு சுமேரியப் பாடல் புலம்புகிறது. தெய்வங்களுக்கு இவ்வளவு செய்த அரசனுக்கே இந்த முடிவா என்ற திகைப்பு அந்தப் பாடல் முழுவதும் ஓடுகிறது. அவனுடைய மகன்தான் ஷுல்கி, கி.மு. 2094 முதல் 2047 வரை 48 ஆண்டுகள் ஆண்டான். தந்தையின் மரணம் கிளப்பிய அந்தத் திகைப்புக்கு மகன் தேடிய விடையே அவனுடைய தெய்வத்தன்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஷுல்கி போரை மட்டும் நம்பவில்லை. தன்னை நினைவில் நிறுத்தும் வழிகளை ஒவ்வொன்றாக ஏற்படுத்தினான். அவற்றில் மிக எளியது நாள்காட்டி. அந்தக் காலத்தில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். 'அரசன் இன்ன கோயிலைக் கட்டிய ஆண்டு', 'இன்ன நகரத்தை அழித்த ஆண்டு' என்று பெயர் சூட்டுவார்கள். ஆட்டு ரசீதோ கூலிக் கணக்கோ எதுவானாலும் கடைசியில் அந்தப் பெயரை எழுதியாக வேண்டும். ஆகவே அரசனின் சாதனையை எழுதாமல் எவரும் ஒரு கணக்கைக் கூட முடிக்க முடியாது. இந்த வம்சத்தின் காலத்துப் பலகைகள் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை இப்படிப்பட்ட அன்றாடக் கணக்குகள். ஒரு பேரரசு தன் குடிகளின் கைகளைக் கொண்டே தன்னை நினைவுபடுத்திக்கொண்ட விதம் இது.

ஷுல்கி திருவிழாவின் பெயரில் ஒரு மாதம் வந்தது. 'ஷுல்கி என் கடவுள்' என்று பொருள்படும் 'ஷுல்கி-இலி' போன்ற பெயர்களை மனிதர்கள் வைத்துக்கொண்டார்கள். அவன் சிலைகளுக்குப் படையல் நடந்தது. இந்த வம்சத்து அதிகாரிகளின் உருளை முத்திரைகளைப் பார்த்தால் மாற்றம் கண்ணிலேயே தெரியும்: அடியவரைக் கைபிடித்து அழைத்துவந்து தெய்வத்தின் முன் நிறுத்தும் பழைய காட்சியில், தெய்வம் உட்கார்ந்திருந்த இருக்கையில் இப்போது அரசன் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்தது உறவு கொண்டாடல். நமக்குத் தெரிந்த கில்காமேஷ் ஊருக் நகரத்தின் பழம் வீரன். கி.மு. 2600 வாக்கிலேயே தெய்வப் பட்டியலில் அவன் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஷுல்கியின் பாடல்கள் அவனைக் கில்காமேஷின் சகோதரன், தோழன் என்கின்றன. கில்காமேஷின் பெற்றோராகக் கருதப்பட்ட லுகல்பந்தாவும் நின்சுன் தெய்வமும் ஷுல்கிக்கும் பெற்றோர் ஆனார்கள். ஊரிமில் பிறந்தவன் ஊருக்கின் பழம்பெருமையைத் தன் குடும்பச் சொத்தாக்கிக்கொண்டான். பண்பாட்டு நினைவு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த 'அண்ணன் தம்பி' உறவைத்தான். கடந்த காலம் ஒரு களஞ்சியம். யாரிடம் சாவி இருக்கிறதோ அவர் வேண்டிய மூதாதையை எடுத்துக்கொள்ளலாம்.

பாடல்களுக்கு வருவோம். ஷுல்கியைப் போற்றும் பாடல்கள் இருபதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன; பலவற்றில் அவனே 'நான்' என்று பேசுகிறான். மிகப் புகழ்பெற்ற பாடல் அவனுடைய ஓட்டத்தைப் பற்றியது. நிப்பூரிலும் ஊரிமிலும் ஒரே நாளில் விழா. இரண்டுக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர். அரசன் நிப்பூரிலிருந்து ஊரிமுக்கு ஓடி, வழிபட்டு, ஆலங்கட்டி மழையும் புயலும் அடிக்க அடிக்க அன்றே நிப்பூருக்குத் திரும்பி ஓடிவந்து இரண்டு விழாக்களையும் கொண்டாடினான். அவனுடைய ஏழாம் ஆட்சியாண்டின் பெயரே இந்த ஓட்டம்தான். இதே பாடலில் சாலைகளைச் சீர்செய்ததும், வழியில் தங்குமிடங்கள் கட்டி இரவில் வரும் பயணிகளுக்குப் பாதுகாப்பு அளித்ததும் வருகின்றன. மனிதக் கால்களால் முடியாத ஓட்டத்தையும் நிர்வாகத்தின் உண்மையான சாதனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான். முந்நூறு கிலோமீட்டரை நம்ப முடிகிறதா என்பதை விட, அந்தச் சாலையில் நடந்த ஒவ்வொரு வணிகனும் அரசனின் காலடியை நினைத்திருப்பான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு பாடலில் அவன் சொல்வது இன்னும் கூர்மையானது. பழங்காலப் பாடல்கள் கிடைத்தபோதெல்லாம் அவற்றைப் பொய் என்று தான் ஒதுக்கவில்லை, மறதிக்கு விட்டுவிடவில்லை, காத்துவைத்தேன் என்கிறான். தன் பாடல்களும் அப்படியே காக்கப்பட வேண்டும் என்ற விருப்பம் அதற்குள் இருக்கிறது. தானே எழுத்துப் பள்ளியில் பயின்றவன் என்று பெருமை பேசும் அரசன் அவன். நிப்பூரிலும் ஊரிமிலும் கல்வி நிலையங்களை அமைத்ததாகச் சொல்கிறான். நினைவு எங்கே உற்பத்தியாகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் இறந்தபோது நடந்ததையும் ஒரு கணக்குப் பலகைதான் சொல்கிறது. ஷுல்கி வானத்துக்கு ஏறிச் சென்றபோது பெண் பணியாளர்களுக்கு 7 நாள் வேலை இல்லை என்று அதில் குறித்திருக்கிறது. தந்தை பாதாளத்துக்கு இறங்கினான். மகன் வானத்துக்கு ஏறினான். பெயருக்கு முன்னால் நட்சத்திரமாகத் தொடங்கியது, பிற்கால நட்சத்திரப் பட்டியலில் 'ஷுல்கி நட்சத்திரம்' என்ற பதிவாகவே முடிந்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஏழு நாள் ஓய்வுதான் சுமேரிய இறையியல் பற்றிய எந்த விளக்கத்தையும் விட என் மனத்தில் நிற்கிறது.

இராச்சியம் வானத்திலிருந்து இறங்கியபோது

சுமேரிய நினைவின் மிகப் புகழ்பெற்ற ஆவணம் அரசர் பட்டியல். ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நான்கு முகக் களிமண் கட்டையாக அதன் முழுமையான பிரதி ஒன்று இருக்கிறது; கி.மு. 1800ஐ ஒட்டியது. "இராச்சியம் வானத்திலிருந்து இறங்கியபோது, இராச்சியம் எரிதுவில் இருந்தது" என்று தொடங்குகிறது. முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டான். ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் சேர்ந்து 2,41,200 ஆண்டுகள். பிறகு வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துச் சென்றது. இராச்சியம் மீண்டும் இறங்கியது. இம்முறை கிஷ் நகரத்தில்.

இந்த எண்களைப் பார்த்துக் கட்டுக்கதை என்று மூடிவைத்துவிடக் கூடாது. சுமேரியர்கள் அறுபதை அடிப்படையாக வைத்து எண்ணியவர்கள். 3,600 அவர்களுக்கு ஒரு முழு அலகு. 28,800 என்பது எட்டு 3,600. 2,41,200 என்பது அறுபத்தேழு 3,600. கணக்குத் தெரிந்தவர்கள் திட்டமிட்டு அமைத்த எண்கள் இவை. நம் காலத்தை நெருங்க நெருங்க ஆட்சிக் காலம் சுருங்குகிறது: கில்காமேஷுக்கு 126 ஆண்டுகள், அதற்கப்புறம் மனித அளவு. புராண காலத்திலிருந்து நடப்புக் காலத்துக்குப் படிக்கட்டுப் போல இறங்கிவரும் ஏற்பாடு.

இந்தப் பட்டியலில் கடவுள் தன்மை அரசனிடம் இல்லை, அரசுரிமையிடம் இருக்கிறது. அது வானத்திலிருந்து வந்த பொருள். ஒரு நகரத்தில் சில காலம் தங்கும், பிறகு அந்த நகரம் ஆயுதத்தால் வீழ்த்தப்பட்டு இராச்சியம் அடுத்த நகரத்துக்குப் போகும். அதைத் தாங்கியவர்களில் எத்தனா ஓர் ஆட்டிடையன், துமுசி ஒரு மீனவன், கிஷ் நகரத்தின் குபாபா மதுக்கடை நடத்திய பெண். அக்காதின் குழப்ப காலத்துக்கு வரும்போது பட்டியலே திணறி, "யார் அரசன்? யார் அரசன் அல்ல?" என்று கேட்கிறது. ஒரு அரசாங்க ஆவணத்தில் இவ்வளவு மனிதத்தன்மையுள்ள வரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பட்டியல் காலந்தோறும் மாறியும் வந்தது. ஷுல்கி காலத்துப் பிரதி ஒன்றில் வெள்ளமும் இல்லை, வெள்ளத்துக்கு முந்தைய அரசர்களும் இல்லை. நேரே கிஷ் நகரத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு ஆண்ட இசின் நகரத்து அரசர்களின் காலத்தில் பட்டியல் நீண்டு அவர்களிடம் வந்து முடிகிறது. ஒரே நேரத்தில் ஆண்ட பல வம்சங்களை அது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. உலகத்தில் எப்போதும் ஒரே ஒரு அரசுதான் இருக்க முடியும் என்ற கருத்துக்காக. சிலரை அடியோடு விட்டும் விடுகிறது. எயன்னாதுமின் லகாஷ், அத்தனை அரசர்களோடும் அத்தனை கல்வெட்டுகளோடும், பட்டியலில் இல்லவே இல்லை.

நினைவு பழிவாங்கிய அரசன்

இனி நராம்-சினிடம் திரும்புவோம், ஏனென்றால் அவனுக்கு நடந்தது கொடுமை. ஊரிம் வம்சத்தின் காலத்திலேயே 'அக்காதின் சாபம்' என்ற நெடும் பாடல் எழுதப்பட்டுவிட்டது. அதில் நராம்-சின், என்லிலின் நிப்பூர்க் கோயிலான எகூரைக் கோடரிகளால் இடிக்கிறான். அதன் செல்வத்தைக் கொள்ளையிட்டுப் படகுகளில் ஏற்றுகிறான். சினந்த என்லில் மலைகளிலிருந்து குத்தியர் கூட்டத்தை அவிழ்த்துவிடுகிறார். பஞ்சம் வருகிறது. தெய்வங்கள் அக்காதைச் சபிக்கிறார்கள். அதன் கால்வாய்க் கரைகளில் புல் முளைக்கிறது.

உண்மையில் நடந்தது என்ன? நராம்-சினின் ஆண்டுப் பெயர்களில் ஒன்று, அவன் நிப்பூரில் என்லிலின் கோயிலுக்கு அடித்தளம் இட்டதைக் கூறுகிறது. அவன் அந்தக் கோயிலைப் புதுப்பித்தவன்! பழையதை இடித்தால்தானே புதியதைக் கட்ட முடியும். அந்த இடிப்பு மட்டும் நினைவில் நின்று, கட்டியது மறைந்துபோனது என்று அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். பேரரசும் அவனோடு விழவில்லை. அவனுக்குப் பிறகு மகன் ஷார்-கலி-ஷர்ரி சுமார் 25 ஆண்டுகள் ஆண்டான். ஆனால் வீழ்ச்சிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தாத்தா சார்கோன் வெற்றியின் முகமானான். தெய்வங்களின் இருக்கையில் ஏறி உட்கார்ந்த பேரன் செருக்கின் முகமானான்.

ஷுல்கியின் மகன் அமர்-சினுக்கும் இதே கதி. தந்தையைப் போலவே அவனும் கடவுள் குறியோடு ஆண்டவன். பிற்காலக் குறிசொல்லும் நூல்கள் அவனை நினைப்பதோ 'செருப்புக் கடித்து இறந்த அரசன்' என்று. பெயருக்கு முன்னால் நட்சத்திரம் வைத்திருந்தவனைக் காலில் போட்ட செருப்பு கொன்றது என்றால், நினைவு எவ்வளவு இரக்கமில்லாதது!

கி.மு. 2004இல், கிழக்கே இன்றைய ஈரான் பகுதியில் வாழ்ந்த ஏலாமியர்கள் ஊரிமைத் தகர்த்து, கடைசி அரசன் இப்பி-சினைச் சிறைபிடித்துச் சென்றார்கள். அவனும் கடவுள்தான், குறிப்படி. அந்த அழிவைப் பாடும் புலம்பல் பாடலில் நன்னா தன் தந்தை என்லிலிடம் சென்று தன் நகரத்துக்காக மன்றாடுகிறார். என்லில் தரும் விடை: ஊரிமுக்கு அரசுரிமை தரப்பட்டது, நிலையான ஆட்சி தரப்படவில்லை, நாடு தோன்றிய நாள் முதல் எந்த அரசு என்றென்றும் முதன்மையாக நின்றது? அரசர் பட்டியல் பட்டியலாகச் சொன்னதைப் புலம்பல் ஒப்பாரியாகச் சொல்கிறது.

எஷ்னுன்னா நகரத்தில் நடந்தது இன்னும் அமைதியானது. அங்கே உள்ளூர் ஆளுநர், ஊரிமின் அரசன் ஷு-சினைத் தெய்வமாக வைத்து ஒரு கோயில் கட்டியிருந்தார். 1930களில் அமெரிக்க அகழாய்வாளர்கள் அதைத் தோண்டினார்கள். ஊரிமின் பிடி தளர்ந்து எஷ்னுன்னா தனியாட்சி பெற்றதும், கருவறை வழிபாட்டிடமாக இருப்பது நின்று, கட்டடம் அரண்மனையின் பகுதியாகிப்போனது. சாபமும் இல்லை, கலகமும் இல்லை. படையல் நின்றது, கடவுளும் இல்லாமல் போனார்.

இசின், லார்சா அரசர்கள் சிலர் அந்தக் குறியைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆனால் வழக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி தன் சட்டக் கல்லில், அமர்ந்திருக்கும் சூரியக் கடவுளின் முன்னால் வணங்கி நிற்கிறான்.

அப்படியானால் ஷுல்கி மட்டும் எப்படி நின்றான்? நிப்பூரில் 1951-52இல் ஒரு சிறிய வீட்டைத் தோண்டினார்கள். ஹம்முராபியின் மகன் காலத்து வீடு. உள்ளே சுமார் 1,400 பலகைகளும் துண்டுகளும். பெரும்பாலும் பிள்ளைகளின் பயிற்சிப் பாடங்கள். தரைக்கும் திண்ணைக்கும் நிரப்பு மண்ணாகக் கூட அவற்றைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் தாய்மொழி அக்காதியம். சுமேரியம் அப்போது எவர் வீட்டிலும் பேசப்படாத மொழி. அதைக் கற்கும் மாணவன் உயர்நிலைப் பாடமாக எழுதிய பத்துப் பாடல்களின் வரிசையில் முதலாவது, ஷுல்கியின் ஓட்டப் பாடல். ஊரிம் விழுந்து இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அவனுக்குப் படையல் வைக்க யாரும் இல்லாத காலத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் "அரசன் நான்" என்று அவன் குரலில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். பெயருக்கு முன்னால் நட்சத்திரத்தைப் போட மறந்தால் ஆசிரியர் அடித்திருப்பார்.

பட்டியல் மறந்த லகாஷைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. கி.மு. 2120 வாக்கில் அங்கே குதேயா என்ற என்சி ஆண்டான். உயிரோடு இருந்தபோது கடவுள் என்று சொல்லிக்கொள்ளாதவன். நின்கிர்சுவுக்குக் கோயில் கட்டி, தன் சிலைகளை அங்கே நிறுத்தினான். ஒரு சிலையின் மடியில் கோயிலின் வரைபடம் இருக்கிறது. அதன்மேல் எழுதியிருப்பது, சிலைக்கு அன்றாடம் தர வேண்டிய படையல்: ஒரு படி மது, ஒரு படி ரொட்டி, அரைப் படி மாவு, அரைப் படி நொய். இந்தச் சிலை வெள்ளியாலோ நீலக்கல்லாலோ செய்யப்பட்டதல்ல, செம்பும் அல்ல, வெள்ளீயமும் அல்ல, வெண்கலமும் அல்ல. வேறு வேலைக்கு இதை யாரும் பயன்படுத்த முடியாது. இது கருங்கல், நீர் வார்க்கும் இடத்தில் நிற்கட்டும் என்றும் எழுதிவைத்தான்.

1877இல் எர்னஸ்ட் த சார்செக் என்ற பிரெஞ்சுத் தூதரக அதிகாரி கிர்சுவின் மேட்டைத் தோண்டத் தொடங்கி, குதேயாவின் சிலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மடியில் வரைபடம் வைத்திருக்கும் அந்தச் சிலைக்குத் தலை இல்லை. மதுவும் ரொட்டியும் நின்று நாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து மட்டும், அவன் சொன்னபடியே, யாராலும் உருக்கப்படாமல், லூவ்ரின் வெளிச்சத்தில் வரிக்கு வரி தெளிவாக இருக்கிறது.